மாண்டல்பிராட் ஜூம் வீடியோவில் கலை எங்கே இருக்கிறது?

யூடியூபில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. வண்டு மாதிரி ஒரு கறுப்பு உருவம். அதன் விளிம்பில் ஒரு புள்ளியை நோக்கி காட்சி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுருள், கிளை, மறுபடியும் சுருள். கடைசியில் அதே வண்டு குட்டியாக வந்து நிற்கும். பெரும்பாலும் வீடியோ அங்கேதான் முடியும்.

"கம்ப்யூட்டர் போடுற கணக்குதானே, இதுல என்ன கலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஏன்னா கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு கலப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் ஆரம்பித்து, வர்க்கப்படுத்தி அந்த எண்ணைக் கூட்டுங்கள். வரும் விடையை மறுபடி வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். எத்தனை சுற்று போனாலும் விடையின் அளவு 2-ஐத் தாண்டாவிட்டால் அந்தப் புள்ளிக்குக் கறுப்பு. தாண்டினால், எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்பதை வைத்து நிறம். பெனுவா மாண்டல்பிராட் 1980-ல் ஐபிஎம் கணினிகளில் இதை வரைந்து பார்த்தார். 1985 ஆகஸ்டில் சயின்டிஃபிக் அமெரிக்கன் அட்டையில் வந்த பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களும் வரைய ஆரம்பித்தார்கள்.

எந்தச் சுற்றுக்கு எந்த நிறம் என்று கணிதம் சொல்வதில்லை. அது மனிதத் தேர்வு. ஆனால் அதைவிட முக்கியமானது பாதை. ஒரு குட்டி வண்டை நோக்கி நேராகப் போனால், அதைச் சுற்றியுள்ள வடிவங்கள் 2, 4, 8, 16 என்று பெருகும். நடுவில் கொஞ்சம் விலகி வேறு பக்கம் திரும்பினால், திரும்பிய இடத்தில் இருந்த வடிவம் அடுத்த கட்டத்தில் இரட்டையாகி வந்து நிற்கும். ஆழத்தில் தெரியும் படம், நாம் வந்த வழியின் பதிவு. இதற்கு ஜூலியா மார்ஃபிங் என்று பெயர். இப்படித் திருப்பங்களைத் திட்டமிட்டே மரம் போன்ற உருவங்களைக் கொண்டுவருகிறார்கள்.

சாதாரண 64 பிட் தசம எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் துல்லியம். அதற்கு மேல் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். 2013-ல் கே.ஐ. மார்ட்டின் ஒரு வழி காட்டினார்: ஒரே ஒரு புள்ளியை முழுத் துல்லியத்தில் கணக்கிடு, மற்றவற்றை அதிலிருந்து உள்ள சின்ன வித்தியாசமாக மட்டும் கணக்கிடு. அதன்பிறகு, முன்பு வாரக்கணக்கில் ஓடவேண்டிய ஆழமான ஜூம்கள் வீட்டுக் கணினிக்கும் எட்டின.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அந்த ஆயத்தொலைவு எண்கள் கையில் இருந்தால் யாரும் அதே இடத்தை மறுபடி வரையலாம். எண்ணுக்கு யார் சொந்தக்காரர்? அந்தப் புள்ளி எப்பவும் அங்கேதான் இருந்தது. ஆனால் 1-க்குப் பின் 100 பூஜ்யம் போடும் அளவு உருப்பெருக்கத்தில், 100 இலக்கத்துக்கு மேல் சரியாக இருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். குருட்டாம்போக்கில் யாரும் அங்கே போய் விழ முடியாது. ஒவ்வொரு இலக்கமும் ஒருவர் பார்த்து எடுத்த முடிவு. அதனால் என் கணக்கில், கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துப் போடுவது திருட்டுதான்.

அடுத்த முறை பார்க்கும்போது நிறத்தை விட்டுவிட்டு, காட்சி எங்கே திரும்புகிறது என்று மட்டும் கவனிச்சுப் பாருங்க.