கணக்கில் விழாத 15,841 பேர்!
கம்ப்யூட்டர் அனுபவசாலிகள் சொல்லும் பாடம்

இங்கிலாந்து நாட்டில் 2020-ம் ஆண்டு ஒரு விபரீதம் நடந்தது.

அப்போது உலகம் எங்கும் கொரோனா நோய் பரவி இருந்தது. தினமும் எத்தனை பேருக்கு நோய் கண்டது என்று அந்த நாட்டு அரசாங்கம் கணக்கு வெளியிட்டு வந்தது.

செப்டம்பர் 25-ந் தேதி முதல் அக்டோபர் 2-ந் தேதி வரை, 15 ஆயிரத்து 841 நோயாளிகள் அந்தக் கணக்கில் வராமல் போய்விட்டார்கள்!

"உங்களுக்கு நோய் இருக்கிறது" என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால், அவர்களோடு பழகியவர்கள் யார் யார் என்று விசாரிக்கும் ஊழியர்களுக்கு, பட்டியல் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நோய் தொற்றி இருக்கக்கூடியவர்கள், விஷயம் தெரியாமலே வெளியே நடமாடினார்கள்.

காரணம் என்ன?

தாளில் இடம் இல்லை

பரிசோதனை நிலையங்கள் அனுப்பிய விவரங்கள் "எக்செல்" என்னும் கம்ப்யூட்டர் கணக்குத் தாளில் ஏற்றப்பட்டன. அது பழைய ரகத் தாள். அதில் 65 ஆயிரத்து 536 வரிகள்தான் உண்டு. ஒருவருடைய விவரத்துக்கே பல வரிகள் பிடித்தன. அதனால் ஒரு தாளில் சுமார் 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது.

மீதிப் பேர் தாளில் ஏறவே இல்லை. அதை யாரும் உடனே கவனிக்கவும் இல்லை.

2007-ல் வந்த புது ரகத் தாளில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 வரிகள் உண்டு. ஆனாலும், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது அல்லவா?

டேட்டாபேஸ் என்பது என்ன?

கடைக் கணக்குக்கு எக்செல் தாள் நல்ல துணை. லட்சக்கணக்கான மக்களின் விவரங்களுக்கு "டேட்டாபேஸ்" வேண்டும். இதைத் தகவல் களஞ்சியம் என்று சொல்லலாம்.

இன்று பெரும்பாலும் புழங்கும் களஞ்சிய முறைக்கு வழி வகுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970-ல் அவர் எழுதிய கட்டுரைதான் இதற்கு வித்து.

அவர் யோசனை எளிமையானது. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்காதே! பல அட்டவணைகளாகப் பிரி! வாடிக்கைக்காரரின் பெயரும் விலாசமும் ஓர் அட்டவணையில் இருக்கட்டும். அவர் வாங்கிய சரக்கு இன்னொன்றில் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துவைக்க, ஆளுக்கு ஓர் எண் கொடு!

அவர் வீடு மாறினால், ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்கப் பார்த்தால், களஞ்சியம் "முடியாது" என்று மறுத்துவிடும்.

இதற்காக 1981-ல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

ஐந்து காவல், ஒன்றும் பலிக்கவில்லை!

நல்ல களஞ்சியம் இருந்தால் மட்டும் போதுமா?

2017 ஜனவரி 31-ந் தேதி "கிட்லேப்" என்ற கம்பெனியின் என்ஜினீயர் ஒருவர், ஒரு கம்ப்யூட்டர் என்று நினைத்து வேறு கம்ப்யூட்டரில் இருந்த தகவல்களை அழித்துவிட்டார். சில வினாடிகளில் சுமார் 300 ஜி.பி. தகவல் மறைந்தது!

நகல் எடுத்துவைக்க ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஆபத்து வந்தபோது ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. நல்ல வேளையாக, 6 மணி நேரத்துக்கு முன்னால் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல் அகப்பட்டது. அந்த 6 மணி நேரத் தகவல்கள் போனது போனதுதான்.

அந்தக் கம்பெனி எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி காட்டியது. நடந்ததை விவரமாக எழுதியும் வெளியிட்டது. உலகெங்கும் இந்தத் தொழில் கற்பவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அனுபவசாலிகளின் அறிவுரை

இந்தத் துறையில் பழுத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்:

அனுப்பிய வரிகள் எத்தனை, வந்து சேர்ந்த வரிகள் எத்தனை என்று தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வேலையை நிறுத்துங்கள். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்த நகலைத் திறந்து பார்த்துச் சோதியுங்கள்.

வீட்டுக்கும் இது பொருந்தும். உங்கள் செல்போனில் பிள்ளைகளின் படங்களும், கடைக் கணக்கும் இருக்கலாம். இன்றே இன்னோர் இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். எடுத்ததைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்!