ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் அளவு மாதிரிகள்

ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் அளவு மாதிரிகள் என்பவை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியப் பேரரசின் கடற்படை பயன்படுத்திய நீர்மூழ்கிக் கப்பல்களை, ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவங்கள் ஆகும். பொம்மைகளைப் போலன்றி, இவற்றில் கப்பலின் நீளம், அகலம், கோபுரத்தின் வடிவம், ஆயுதங்களின் இருப்பிடம், நிறம் ஆகிய அனைத்தும் ஒரு குறிப்பிட்ட கப்பலின் ஒரு குறிப்பிட்ட காலத்து நிலையைக் காட்ட வேண்டும். இக்கப்பல்களில் பெரும்பாலானவை போரில் மூழ்கிவிட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவையும் போருக்குப் பின் மூழ்கடிக்கப்பட்டன. எனவே இன்று இவற்றின் முழு உருவத்தைக் காண, ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் தவிர அளவு மாதிரிகளே வழியாக உள்ளன.

இவற்றுள் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது ஐ-29 ஆகும். 1943 ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த கப்பல் இதுவே.

பெயரிடும் முறை

ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பருமனுக்கு ஏற்ப மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பழைய ஜப்பானிய எழுத்து வரிசையின் முதல் மூன்று எழுத்துகளான இ, ரோ, ஹ என்பன முறையே பெரிய, நடுத்தர, சிறிய கப்பல்களைக் குறித்தன. ஐ-29 என்னும் வழக்கு, 'இ' என்பதற்கான உரோமன் எழுத்தை ஆங்கில முறையில் படிப்பதால் வந்தது. ஜப்பானிய மொழியில் அது இ-29 ஆகும்.

1942 மே மாதத்தில் சில பழைய பெரிய கப்பல்களின் எண்களுடன் 100 கூட்டப்பட்டது. இதனால் ஐ-68 என்பது ஐ-168 ஆயிற்று. 1942 சூனில் மிட்வே சண்டையின்போது அமெரிக்க வானூர்தி தாங்கிக் கப்பலான யார்க்டவுனைத் தாக்கியது இந்த ஐ-168 ஆகும். மாதிரித் தொகுதிகளின் பெட்டிகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் காணப்படுவதால், இரண்டும் ஒரே கப்பல் என்பதை அறியாமல் தவறான எண்ணை இடுவது உண்டு.

குமரிக் கடலும் நாஞ்சில் நாடும்

போர்க் காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றே சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள கடல் ஆழம் குறைந்தது. ஆகையால் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் பெரிய கப்பல்கள் குமரி முனையைக் கடந்து இலங்கையைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. மலாயாவின் பினாங்குத் துறைமுகத்தை ஜப்பான் கைப்பற்றிய பின், அங்கிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்கள் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் இக்கப்பல் வழிகளைத் தாக்கின. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், ஏப்ரல் 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய வானூர்திகளால் தாக்கப்பட்டன.

1942 செப்டம்பரில் இந்திய விடுதலை இயக்கத்தினர் சிலர் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார் கரையில் தானூர் அருகே இறங்கினர். அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர். பிடிபட்ட அவர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார்.

ஐ-29

ஐ-29, பி-1 வகையைச் சேர்ந்தது. 1942 பெப்ரவரியில் பணியில் சேர்க்கப்பட்டது. இதன் நீளம் 108.7 மீட்டர், அகலம் 9.3 மீட்டர். அணியத்தில் (முன்பகுதியில்) 6 டார்பிடோ குழாய்கள் இருந்தன. பி-1 வகையின் பொதுவான அமைப்பில், கோபுரத்துக்கு முன்னால் ஒரு சிறிய கடல் வானூர்திக்கான கொட்டகையும், அதனை ஏவும் தண்டவாளமும், கோபுரத்துக்குப் பின்னால் 14 செ.மீ. பீரங்கியும் இருந்தன.

நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் 1943 பெப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டனர். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே யூ-180 கப்பலும் ஐ-29 கப்பலும் சந்தித்தன. கடல் கொந்தளிப்பாக இருந்தமையால் சிறிது காத்திருந்து, ஏப்ரல் 28 அன்று இருவரும் இரப்பர்ப் படகில் ஐ-29 கப்பலுக்கு மாறினர். மே மாதத்தில் சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சபாங் தீவில் கரையிறங்கினர்.

ஐ-29 பின்னர் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குச் சென்று 1944 மார்ச்சில் அங்கு சேர்ந்தது. அங்கு அதற்கு ஜெர்மானிய வான்காப்புத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. திரும்பி வரும் வழியில் 1944 சூலை 26 அன்று பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான சாஃபிஷ் அதனை மூழ்கடித்தது.

இவ்வரலாறு மாதிரி செய்வோருக்கு இன்றியமையாதது. நேதாஜி பயணம் செய்த ஐ-29 கப்பலைக் காட்ட விரும்பினால், மாதிரி 1943 ஏப்ரல் மாத நிலையில் இருக்க வேண்டும். அதில் ஜெர்மானியத் துப்பாக்கிகளைப் பொருத்தினால், அது நேதாஜி கண்ட கப்பலாக இராது.

அளவுவிகிதங்கள்

கப்பல் மாதிரிகளில் 1:700, 1:350 ஆகிய விகிதங்கள் பரவலாக உள்ளன. 1971 இல் தாமியா, அவோஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் இணைந்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் 1:700 வரிசையைத் தொடங்கின. ஐ-29 கப்பலின் அளவுகள் பல்வேறு விகிதங்களில் பின்வருமாறு அமையும்:

* 1:700 – நீளம் 155 மி.மீ., அகலம் 13 மி.மீ.
* 1:350 – நீளம் 311 மி.மீ., அகலம் 27 மி.மீ.
* 1:200 – நீளம் 544 மி.மீ., அகலம் 47 மி.மீ.
* 1:72 – நீளம் 1,510 மி.மீ., அகலம் 129 மி.மீ.

1:350 விகிதத்தில் 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 5 மி.மீ. உயரமே இருப்பார். ஆகவே 1:72 விகிதம் பெரும்பாலும் சிறு நீர்மூழ்கிகளுக்கே ஏற்றது. 23.9 மீட்டர் நீளமுள்ள இருவர் செல்லும் கோ-ஹியோதெக்கி, இவ்விகிதத்தில் 332 மி.மீ. நீளம் கொள்ளும்.

செய்முறை

ஆயத்த நெகிழித் தொகுதிகளைப் பொருத்துவது ஒரு முறை. வரைபடத்தைக் கொண்டு முழுவதையும் தாமே செய்வது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் இலேசான மரம், நெகிழித் தகடு, குழாய், பித்தளைக் கம்பி ஆகியன பயன்படுகின்றன.

முதலில் உடற்பகுதி செய்யப்படுகிறது. வரைபடத்திலுள்ள குறுக்குவெட்டு வடிவங்கள் அட்டையில் வெட்டப்பட்டு, மரம் செதுக்கப்படும்போது அவ்வப்போது அதன்மீது வைத்துச் சரிபார்க்கப்படும். வள்ளம் கட்டுவோர் வங்குகளின் வளைவைச் சரிபார்ப்பதை இது ஒத்தது. எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே குறுக்குவெட்டு பொருந்தாது. 122 மீட்டர் நீளமும் மூன்று வானூர்திகளைத் தாங்கும் கொட்டகையும் கொண்ட ஐ-400 வகையின் நடுப்பகுதியில், இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக இணைந்திருந்தன. இதனால் அதன் உடல் மற்ற வகைகளைவிட அகன்று காணப்படும்.

அடுத்து வெளிக்கூட்டிலுள்ள நீர்த்துளைகள் செய்யப்படுகின்றன. கப்பல் அமிழும்போது மேல்தளத்துக்கும் உட்கூட்டுக்கும் இடையிலுள்ள வெளியில் நீர் விரைந்து நிரம்புவதற்கும், மேலெழும்போது வடிவதற்கும் இவை உதவின. தொகுதிகளில் வெறும் பள்ளமாகவே வரும் இவற்றை நுண்துளையிடும் கருவியால் திறந்துவிடுவது வழக்கம். துளைகளின் எண்ணிக்கையும் வரிசையும் வகைக்கு வகை மாறுவதால், கப்பலை அடையாளம் காண்பதற்கு இவை உதவுகின்றன.

கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள் முதலியன அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளிலிருந்து பெறப்படுகின்றன. வானலைக் கம்பிகளுக்கு, சூடாக்கி இழுத்த நெகிழி இழை பயன்படுகிறது. 10 மி.மீ. தடிப்புள்ள கம்பி 1:350 விகிதத்தில் 0.03 மி.மீ. ஆகிவிடும். தலைமுடியும் பொதுவாக இதைவிடத் தடிப்பானது. எனவே இத்தகைய உறுப்புகளில் முழுத் துல்லியம் இயலாது. கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றும் அளவே கொள்ளப்படுகிறது.

நிறம்

நிறமே அதிகம் விவாதிக்கப்படும் பகுதியாகும். ஒளிப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் உள்ளமையே இதற்குக் காரணம். போர்க் காலத்தில் பல கப்பல்களின் மேற்பகுதிக்குக் கறுப்பு பூசப்பட்டது. போரின் இறுதியில் சில கப்பல்கள் பச்சை கலந்த சாம்பல் நிறம் பெற்றன. பல கப்பல்களின் மேல்தளத்தில் மரப்பலகைகள் இருந்தன. கடல்நீரில் ஊறிய அப்பலகைகளுக்குப் புதுமரத்தின் மஞ்சள் நிறம் கொடுப்பது பொருந்தாது.

சான்றுகள்

1945 ஆகத்தில் ஜப்பான் சரணடைந்தபோது கடற்படை ஆவணங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. 1946 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கக் கடற்படை கோத்தோ தீவுகளுக்கு அருகே 24 நீர்மூழ்கிக் கப்பல்களை மூழ்கடித்தது. ஆய்வுக்காக ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட ஐ-400, ஐ-401 முதலியனவும் அவ்வாண்டிலேயே மூழ்கடிக்கப்பட்டன. ஆகவே இன்று பயன்படும் சான்றுகள் சிலவே:

* அமெரிக்கர் எடுத்த ஒளிப்படங்களும் ஆய்வு அறிக்கைகளும். இவற்றால் ஐ-400 வகை நன்கு அறியப்பட்டுள்ளது.
* கடலடிச் சிதைவுகள். ஐ-401 2005 இலும், ஐ-400 2013 இலும் ஹவாய்க்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டன. 2017 இல் கோத்தோ தீவுகளுக்கு அருகே நடந்த ஆய்வில் ஐ-58 அடையாளம் காணப்பட்டது.
* அருங்காட்சியகப் பொருட்கள். சிட்னித் துறைமுகத்தைத் தாக்கிய இரண்டு சிறு நீர்மூழ்கிகளின் பகுதிகளை இணைத்த கோ-ஹியோதெக்கி, கான்பராவிலுள்ள ஆத்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது.
* கப்பலில் எடுக்கப்பட்ட படங்கள். ஐ-29 கப்பலின் மாலுமிகளுடன் நேதாஜி காணப்படும் ஒளிப்படம் இவற்றுள் புகழ்பெற்றது.

பொதுவான பிழைகள்

* நேதாஜி முழுப் பயணத்தையும் ஜெர்மானியக் கப்பலிலேயே மேற்கொண்டதாகக் காட்டுதல். யூ-180 ஏறத்தாழ 88 மீட்டர் நீளமே உடையது. இரு கப்பல்களையும் ஒரே காட்சியில் வைத்தால், 1:350 விகிதத்தில் அது ஐ-29 கப்பலைவிட 6 செ.மீ. குட்டையாக இருக்க வேண்டும்.
* ஒரே கப்பலின் வெவ்வேறு காலத்து உறுப்புகளைக் கலத்தல். 1945 சூலை 30 அன்று அமெரிக்கக் கப்பலான இன்டியானாபொலிசை மூழ்கடித்த ஐ-58 கப்பலில் அப்போது வானூர்திக் கொட்டகையும் தளப் பீரங்கியும் இல்லை. அவற்றுக்கு மாற்றாக, ஓட்டுநருடன் இலக்கில் மோதும் கைத்தென் டார்பிடோக்களுக்கு இடம் செய்யப்பட்டிருந்தது.

விமர்சனம்

இம்மாதிரிகள் போர்க் கருவிகளை அழகுப் பொருட்களாக்குகின்றன என்ற விமர்சனம் உண்டு. இந்தியப் பெருங்கடலில் இக்கப்பல்களால் ஏற்பட்ட உயிரிழப்பு பெரியது. 1944 பெப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இசுமாயில் என்னும் துருப்புக் கப்பலை ஐ-27 மாலைத்தீவுக்கு அருகே மூழ்கடித்ததில், செவிலியர் உட்பட 1,297 பேர் இறந்தனர். அன்றே ஐ-27 கப்பலும் பிரித்தானியக் கப்பல்களால் அழிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐ-8, சிசலாக், சான் நிக்கொலே ஆகிய வணிகக் கப்பல்களை மூழ்கடித்தபின், பிடிபட்ட மாலுமிகளையும் பயணிகளையும் தன் தளத்தில் வைத்துக் கொன்றது. சான் நிக்கொலே கப்பலில் உயிர் தப்பியவர்களை இந்தியக் கடற்படைக் கப்பலான ஹொக்சா மீட்டது.

இதனால், மாதிரியுடன் வைக்கப்படும் விளக்கப் பலகையில் கப்பலின் பெயர், விகிதம், காட்டப்படும் மாதம், ஆண்டு ஆகியவற்றுடன், அக்கப்பலின் செயல்களையும் முடிவையும் குறிப்பிடுவது பொருத்தமானதாகக் கருதப்படுகிறது. ஒரே வகைக் கப்பல்களான ஐ-27, ஐ-29 ஆகியவற்றின் மாதிரிகள் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஒன்று நேதாஜியைச் சுமந்தது என்பதும், மற்றொன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இறப்புக்குக் காரணமானது என்பதும் விளக்கப் பலகையால் மட்டுமே பார்ப்பவருக்குத் தெரியவரும்.

இவற்றையும் பார்க்க

* சுபாஷ் சந்திர போஸ்
* இந்திய தேசிய இராணுவம்
* வக்கம் அப்துல் காதர்
* நீர்மூழ்கிக் கப்பல்
* கன்னியாகுமரி மாவட்டம்