விஆர் கண்ணாடி: பயம் ஓரிடம், பாதிப்பு வேறிடம்

“டிவிகிட்ட போய் உக்காராதே, கண்ணு கெட்டுடும்!” 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டி வந்திறங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்ட அதட்டல் இது. அப்படித் திட்டு வாங்கியவர்களின் பிள்ளைகள் இன்று பொருட்காட்சிகளில் விஆர் (மெய்நிகர்) கண்ணாடி என்று திரையையே முகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு மூளையைத் தாக்காதா என்று பெற்றோருக்குக் கவலை.

பழைய டிவி விஷயத்தில் பயத்துக்குக் கொஞ்சம் காரணம் இருந்தது. பிக்சர் டியூபுக்குள் 20,000 வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் பாய்ந்து திரையில் மோதும்போது சிறிதளவு எக்ஸ்-கதிர் பிறக்கும். ஈயம் கலந்த கண்ணாடி அதைத் தடுத்துவிடும். 1967இல் அமெரிக்காவில் சில வண்ண டிவிகளில் எக்ஸ்-கதிர் அளவு மீறிக் கசிந்தது தெரியவர, மறு ஆண்டே அங்கே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

விஆர் கண்ணாடியில் இருப்பது எல்சிடி அல்லது ஓஎல்இடி திரை. எக்ஸ்-கதிர் பிறக்க அதில் வழியில்லை. வெளிவருவது வெளிச்சமும் வைஃபை, புளூடூத் அலைகளும்தான். ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை’ என 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அந்நிறுவனம் கேட்டுக்கொண்டு செய்யப்பட்டு 2024இல் வெளியான மறுஆய்வோ, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. செல்போன் அலையிலிருந்து உடல் ஈர்க்கும் ஆற்றலுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உள்ள வரம்பு, ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட். பல போன்களில் *#07# அழுத்தினால் அந்தப் போனுக்கான அளவு தெரியும். போனையே செருகிப் பார்க்கும் மலிவு ரகமா? படத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம்.

மாட்டினால் தலைசுற்றுவது ஏன்?

ஓடும் பஸ்ஸில் போன் பார்த்தால் குமட்டுகிறதே, அதன் மறுபக்கம்தான் இது. கண் ‘பறக்கிறோம்’ என்கிறது. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. போதாக்குறைக்கு, காட்சி கிட்டே வந்தால் இரு விழிகளும் உள்நோக்கித் திரும்ப, குவியம் மட்டும் ஒரே தூரத்தில் நிற்கிறது. இந்த இழுபறியில் கண் களைத்துத் தலைவலி வருகிறது. இமைப்பது குறைவதால் கண்ணும் காய்கிறது.

அரை மணிக்கு ஒருமுறை கழற்றிவிடுங்கள். வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. சிறுவர்களுக்கு, பெட்டியில் அச்சிட்ட வயது வரம்பைப் பாருங்கள். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் பத்து முகம் ஏறி இறங்கிய கண்ணாடி என்றால், ஸ்டால்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கதிர்வீச்சைப் பற்றி அல்ல; “தொடச்சீங்களா?” என்றுதான்.