கடலுக்குள் ஓர் ஒலிப்பாதை

அதிரும் பொருள் ஒன்று தன்னைச் சூழ்ந்துள்ள ஊடகத்தின் துகள்களை மாறிமாறி நெருக்கியும் தளர்த்தியும் செலுத்தும் அலையே ஒலியாகும். அலை செல்லும் திசையிலேயே துகள்கள் முன்னும் பின்னும் அசைவதால் இதனை நெட்டலை என்பர். துகள்கள் தத்தம் இடத்திலேயே நின்று அசைய, ஆற்றல் மட்டும் தொலைவுக்குச் செல்கிறது. ஆகவே ஒலியின் வேகத்தை முடிவுசெய்வது ஊடகத்தின் தன்மையே.

20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. நீரின் அடர்த்தியே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். அடர்த்தி மட்டும் கூடினால் வேகம் உண்மையில் குறையும். காற்றைப் போல நீரை எளிதில் அமுக்க முடியாது என்பதே வேகத்தின் காரணம். 1826-இல் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியை அடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த படகில் ஒளிக்கும் ஒலிக்கும் இடையிலான நேரத்தை அளந்த ஆய்வாளர்கள் கொலடோனும் ஸ்டர்மும் கண்ட வேகம் நொடிக்கு 1,435 மீட்டர். எளிய கருவிகளைக் கொண்டு ஏரிநீருக்கான இன்றைய மதிப்பை இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது.

கதிரவனின் ஒளி கடலில் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் மங்கிவிடுகிறது. வானொலி அலைகளையோ உப்புநீர் விரைவில் உறிஞ்சிவிடுகிறது. எனவே நீர்மூழ்கிக் கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் தொலைதொடர்புக்கு வாய்த்த சிறந்த வழி ஒலியே. அதற்கெனக் கடலே ஒரு பாதையையும் வகுத்து வைத்திருக்கிறது.

மேற்பரப்பிலிருந்து கீழிறங்க நீர் குளிர்வதால் ஒலியின் வேகம் குறைகிறது; இன்னும் ஆழத்தில் குளிர்ச்சி ஏறக்குறைய மாறாமல் நிற்க, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போவதால் வேகம் மீண்டும் கூடுகிறது. ஆகவே வெப்பமண்டல, மிதவெப்பமண்டலக் கடல்களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் வேகம் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று அமைகிறது. ஒரு சக்கரம் மணலில் சிக்க, மறு சக்கரம் கெட்டித் தரையில் உருளும் மாட்டுவண்டி மணல் பக்கமே திரும்புவதுபோல, ஒலியலையும் வேகம் குறைந்த பக்கமாகவே வளைகிறது. இதனை விலகல் என்பர். அந்த அடுக்கிலிருந்து மேலேறும் ஒலி கீழ்நோக்கியும், கீழிறங்கும் ஒலி மேல்நோக்கியும் வளைந்து, தரையிலும் மேற்பரப்பிலும் மோதிச் சிதறாமல் நெடுந்தொலைவு செல்கிறது. எல்லாத் திசைகளிலும் பரவும் ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். இவ்வடுக்கில் அடைபட்ட ஒலியோ பக்கவாட்டில் மட்டுமே பரவுவதால், தொலைவுக்கேற்ற அளவே குறைகிறது.

இப்பாதையை 1944-இல் புவியியற்பியலாளர் மாரிஸ் யூயிங் சோதித்தபோது, சிறு வெடியின் ஓசை 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள, அதாவது நொடிக்குச் சில பத்து அதிர்வுகளே கொண்ட ஒலியைக் கடல்நீர் மிகக் குறைவாக உறிஞ்சுகிறது. துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. 1991-இல் கடலியலாளர் வால்டர் மங்க் குழுவினர் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே 57 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்ப, அது மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து அமெரிக்காவின் இரு கரைகளிலும் பதிவாயிற்று.

அவர்கள் நோக்கம் செய்தி அனுப்புவதன்று. நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் விரைவாகச் செல்லும் ஆதலால், ஒரே பாதையில் ஆண்டுதோறும் ஒலியை அனுப்பி, அது வந்துசேரும் நேரம் குறைகிறதா என்று பார்த்தால், இடத்துக்கிடம் வெப்பமானியை இறக்கி அளப்பதில் எளிதில் கிட்டாத சராசரி, பாதை முழுவதற்கும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும்.