நிறமில்லா மருந்தும் வண்ணப்பிரிகையும்

குரோமட்டோகிராபி என்பதை நம் பாடநூல்கள் வண்ணப்பிரிகை என வழங்கும். உருசியத் தாவரவியலார் மிகயில் சுவெத், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிறைத்த குழாயில் வடித்தபோது பச்சையும் மஞ்சளுமாய்ப் பட்டைகள் பிரிந்தன. அதைக் கொண்டே 1906-இல் அவர் இப்பெயரை இட்டார். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் இன்று இம்முறையால் பிரிக்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை நிறமற்றவை. கண்ணுக்குத் தோன்றாத பொருள் குழாயின் முடிவுக்கு வந்துசேர்ந்ததை எவ்வாறு அறிவது?

வழக்கமான விடை, புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதாகும். மலேரியாவுக்குரிய ஆர்ட்டிமீத்தர் என்னும் மருந்தோ அவ்வொளியையும் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. கொயினா காலத்துத் தோட்ட மக்களுக்கு இந்நோயின் கொடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து குருதியில் குறைந்தால் கிருமி பிழைக்கும். பிழைத்தது மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். உடலுள் ஆர்ட்டிமீத்தர், டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கும் உண்டு. மாறும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தாய்வு மையத்தில் வி. நவரத்தினமும் அவர்தம் குழுவினரும் இதற்கென வகுத்த முறை 1995-இல் வெளியாயிற்று. குருதியைச் சுழற்றி அணுக்களை நீக்கினால் எஞ்சும் பிளாஸ்மாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, நுண்துகள் செறிந்த குழாயில் உயரழுத்தத்தில் செலுத்துவர். ஒன்று முந்தும், மற்றது பிந்தும். குழாயின் கடையில் நிற்பது ஒளி அன்று. எதிர்மின் அழுத்தம் ஏற்றிய கரிமின்வாய். இரு ஆக்சிசன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பிணைப்பு ஒன்று இம்மருந்துகளில் உண்டு. நோயைக் கொல்லும் ஆற்றலும் அப்பிணைப்பிலேதான் இருக்கிறது. மின்வாயில் எலெக்ட்ரான்களைப் பெற்று அது முறியும்போது எழும் மின்னோட்டமே அளவு. ஒரு மில்லிலீட்டரில் சில நானோகிராம், அதாவது கிராமின் நூறு கோடியில் சில பங்கு, இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

இடையூறு காற்றால் வருவது. கரைந்துள்ள ஆக்சிசனும் அதே மின்வாயில் எலெக்ட்ரான் பெறுமாதலால், நீர்மத்திலிருந்து அதனை முற்றும் விரட்ட வேண்டும். நெகிழிக் குழாயின் சுவர் வழியே கூட அது கசிந்து நுழையும். எஃகுக் குழாயே ஏற்றது.

டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இத்துணை விரைவில் மறையும் மருந்தோடு, வாரக்கணக்கில் குருதியில் தங்கும் மெஃப்ளோகுயின் போன்ற துணைமருந்தைச் சேர்த்துத் தருவது இதனாலேயே. ஆர்ட்டிமீத்தருக்கு உறவான ஆர்ட்டிசுனேட்டும் மெஃப்ளோகுயினும் ஒரே மாத்திரையாக 2008-இல் பிரேசிலில் வெளிவந்தன. அதன் ஆக்கத்தில் இப்பினாங்குப் பல்கலைக்கழகத்திற்கும் பங்குண்டு.