சுதேசிக் கப்பல்

கோயம்புத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்த வரலாற்றைக் கொங்கு நாட்டார் நன்கறிவர். அவர் ஆட்சியாளரின் சினத்திற்கு ஆளானதற்கு அவருடைய மேடைப் பேச்சோடு, அவர் கடலில் ஓட்டிய கப்பல்களும் காரணமாயின.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பல் வாணிகம் அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. அக்கம்பெனி 1856ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் இடையே அஞ்சல் சுமக்கத் தோன்றி, அரசாங்க ஆதரவால் வளர்ந்தது. அதற்கு எதிராகச் சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கின் விலை 25 ரூபாய்.

1907இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் வந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1300 பேரும் செல்லலாம். 4000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். நிலக்கரியின் வெப்பம் கொதிகலத்து நீரை ஆவியாக்க, அவ்வாவி பொறியை இயக்கிக் கப்பலைச் செலுத்தும். தூத்துக்குடிக் கரையோரம் ஆழமற்றது. ஆதலின் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் மூட்டைகளையும் தோணிகள் கொண்டு சேர்க்கும்.

மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பயணிகளை இலவசமாகவே ஏற்றவும் முன்வந்தது. பெருமூலதனம் உடையதாதலின் அந்நட்டத்தை அது தாங்கிற்று. சிறிய கம்பெனியோ தளர்ந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். தலைவரை இழந்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபோது, கடலில் சுதேசிக் கப்பல் இல்லை.

அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் உள்ளது. கப்பல்கள் மறைந்தன, ஆயினும் தம் பொருளைச் சேர்த்துத் தாமே கலம் செலுத்த இயலும் என்பதை அவை நாட்டுக்குக் காட்டிச் சென்றன.