அடுத்த ஸெல்டாவில் என்ன வேண்டும்?

காய்ந்த புல்வெளியில் ஒரு தீ அம்பை எய்தால் புல் பற்றிக்கொள்கிறது. தீ பக்கத்துப் புல்லுக்குப் பரவ, அந்த வெப்பத்தில் காற்று மேலெழுகிறது. அருகில் நிற்கும் வீரன் தன் பாராகிளைடரை விரித்தால் அந்தக் காற்று அவனைத் தூக்கிவிடும். மேலே மிதந்தபடியே எதிரிகளின் முகாமுக்குள் இறங்கலாம். 2017 மார்ச் 3 அன்று நிண்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற வீடியோ கேமில் இது நடக்கும். இப்படிச் செய் என்று ஆட்டத்தில் எவரும் சொல்லித் தருவதில்லை. புல் எரியும், வெப்பக் காற்று மேலே போகும், துணி காற்றைப் பிடிக்கும் என்ற மூன்று விதிகள் மட்டும் அங்கே இருக்கின்றன. மற்றது விளையாடுபவரின் மூளை.

இந்தத் தொடரின் முதல் ஆட்டம் 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதை உருவாக்கினார்கள். ஹைரூல் என்ற ராஜ்யம், அதன் இளவரசி ஸெல்டா, பச்சை உடுப்பு அணிந்த வீரன் லிங்க், இருளின் அரசன் கானன் என்று கதையின் எலும்புக்கூடு அன்றே அமைந்துவிட்டது. அதன் பிறகு வந்த பாகங்களில் பெரும்பாலானவை இவர்களையே வேறு வேறு காலங்களில், வேறு வேறு உருவங்களில் சந்திக்க வைத்திருக்கின்றன. 2023 மே 12 அன்று வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ முதல் மூன்று நாட்களிலேயே ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அத்தனை பேர் விளையாடும் ஓர் ஆட்டத்துக்கு அடுத்த பாகத்தைப் பற்றிய ஆசைகள் குவியாமல் இருக்குமா? உடையாத வாள், பழைய பாணி டஞ்சன் (புதிர்களும் அசுரர்களும் நிறைந்த கோயில் போன்ற இடம்), நீருக்கடியில் நீச்சல், இளவரசியாகவே விளையாடும் வாய்ப்பு, நண்பரோடு சேர்ந்து பயணம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது எளிது, எது கடினம், எது ஆட்டத்தையே புரட்டிப்போடும் என்று தெரிந்துகொள்ள, முதலில் அந்த உலகம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு எஞ்சின்கள்

முப்பரிமாண கேம்கள் பலவற்றிலும் இயற்பியல் எஞ்சின் என்ற மென்பொருள் பகுதி ஒன்று இருக்கும். பாறை எவ்வளவு வேகத்தில் உருளும், மரக்கட்டை எந்தப் பக்கம் சாயும், இரண்டு பொருட்கள் மோதினால் எது எங்கே தெறிக்கும் என்பதை அது நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. பிரெத் ஆஃப் தி வைல்டில் இந்த வேலையை ஹாவோக் என்ற மென்பொருள் செய்தது.

அதன் மேல் நிண்டெண்டோ குழு தானே இன்னொன்றைக் கட்டியது. அதற்கு வேதியியல் எஞ்சின் என்று பெயரிட்டார்கள். முதல் எஞ்சின் பொருட்களின் அசைவைக் கணக்கிடுகிறது. இது அவற்றின் நிலையைக் கணக்கிடுகிறது. 2017இல் கேம் உருவாக்குபவர்களின் மாநாடான ஜிடிசியில் இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷியும் தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ டோட்டாவும் இதை விளக்கினார்கள். உலகத்தில் உள்ளவை இரண்டு வகை. தீ, நீர், பனி, மின்சாரம், காற்று போன்றவை பூதங்கள். மரம், ஆயுதம், விலங்கு, மனிதர் எல்லாம் பொருட்கள். பூதம் பொருளின் நிலையை மாற்றும். தீ பட்டால் மரம் எரியும். பூதம் இன்னொரு பூதத்தின் நிலையையும் மாற்றும். நீர் பட்டால் தீ அணையும். ஆனால் ஒரு பொருள் இன்னொரு பொருளின் நிலையை நேரடியாக மாற்றாது. இவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சிறிய சட்டத்திலிருந்து விளைவது ஏராளம். இடி மின்னலின்போது இரும்பு வாளைச் சுமந்து திரிந்தால் மின்னல் உங்கள் மேல் இறங்கும். அதே வாளை எதிரியின் காலடியில் போட்டுவிட்டு ஓடினால் மின்னல் அவன் தலையில் இறங்கும். எரிமலைச் சரிவில் பச்சை இறைச்சியைத் தரையில் போட்டால் வெந்துவிடும். பனிமலையில் போட்டால் உறைந்துவிடும். புதிர்க்கூடத்தில் மின்சுற்றை இணைக்க வழி தெரியாவிட்டால், கையிலுள்ள இரும்பு ஆயுதங்களை வரிசையாகத் தரையில் பரப்பி மின்சாரத்தைக் கடத்தலாம். உருவாக்கிய குழு முதலில் 1986 ஆட்டத்தின் தோற்றத்திலேயே ஒரு தட்டையான இரு பரிமாண மாதிரியைச் செய்து, மரத்தை எரிப்பது, வெட்டிய கட்டையை ஆற்றில் மிதக்கவிடுவது போன்றவற்றைச் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகே பெரிய உலகத்தைக் கட்டத் தொடங்கியது.

இதிலிருந்து ரசிகர்களின் ஆசைகளை அளக்க ஒரு கோல் கிடைக்கிறது. புதிதாக ஒரு வாளைச் சேர்த்தால் ஆட்டத்தில் ஒரு வாள் கூடும். புதிதாக ஒரு விதியைச் சேர்த்தால் அது ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு விதியோடும் பெருக்கிக்கொள்ளும்.

உடையும் ஆயுதம்

ரசிகர்களிடம் அதிகம் வாக்குவாதம் எழுப்பிய விதி ஆயுதம் உடைவது. சில சண்டைகளிலேயே வாளோ ஈட்டியோ சுக்குநூறாகும். கடைசி வரை நிலைக்கும் ஒரே வாளான மாஸ்டர் சோர்டும் சக்தி தீர்ந்து, மீண்டும் நிரம்பப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

இந்த விதிக்கு வலுவான காரணம் இருக்கிறது. கையில் உடையாத நல்ல வாள் இருந்தால் விளையாடுபவர் எல்லா இடத்திலும் அதையே வீசுவார். மலைமேலிருந்து பாறையை உருட்டிவிட மாட்டார். முகாமின் வெடிபீப்பாய்க்குத் தீ வைக்க மாட்டார். ஆயுதம் தீர்ந்துபோகும்போதுதான் அவர் சுற்றும்முற்றும் பார்க்கிறார். ஆனால் ரசிகரின் குறையிலும் நியாயம் உண்டு. கடினமான புதிரை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு வாள். அதுவும் நாளை உடையப்போகிறது என்றால், பட்ட பாட்டுக்கு என்ன பலன்?

டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் இதற்கு எதிர்பாராத ஒரு பதிலைத் தந்தது. ஆயுதம் அதிலும் உடையும். ஆனால் ஃபியூஸ் என்ற புதிய ஆற்றலால் எந்தப் பொருளையும் ஆயுதத்தின் நுனியில் ஒட்டலாம். கம்பில் பாறையை ஒட்டினால் சம்மட்டி. அசுரனின் கொம்பை ஒட்டினால் கூர்வாள். அதுவரை பைக்குள் கிடந்த கொம்புகளும் பற்களும் திடீரென்று மதிப்புப் பெற்றன. உடைவது இழப்பாக இல்லாமல், அடுத்ததைச் செய்து பார்க்கக் காரணமாக மாறியது.

இன்னும் ஒரு படி போகலாம். டியர்ஸில் ராக் ஆக்டொராக் என்ற விலங்கு மூச்சை உள்ளிழுக்கும்போது தேய்ந்த ஆயுதத்தை அதன் வாயில் எறிந்தால், சீராக்கி வெளியே துப்பும். பழுதுபார்க்கும் விதி அந்த உலகத்தில் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதை ஊருக்குள் கொண்டுவந்து ஒரு கொல்லன் பட்டறையாக்கி, கனிமமும் நெருப்பும் கொடுத்து வாளைச் செப்பனிட விடலாம். அப்போது மனதுக்குப் பிடித்த வாளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அதற்கான உழைப்பும் இருக்கும்.

டஞ்சனும் சுதந்திரமும்

பழைய ரசிகர்களின் முதல் ஏக்கம் டஞ்சன். 1998இல் வந்த ‘ஒகாரினா ஆஃப் டைம்’ விளையாடியவர்கள் அதன் வாட்டர் டெம்பிளை மறக்க மாட்டார்கள். கோயில் முழுவதையும் நிரப்பும் நீரை மூன்று மட்டங்களில் ஏற்றி இறக்கி, எந்த மட்டத்தில் எந்தக் கதவு திறக்கும் என்று மனதுக்குள் வரைபடம் போட்டுத்தான் முன்னேற வேண்டும். அது கொடுத்த குழப்பம் எவ்வளவு பெயர்போனது என்றால், 2011இல் 3டிஎஸ் கருவிக்காகப் புதுப்பித்தபோது வழிகாட்டும் வண்ணக்கோடுகளைச் சுவரில் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட டஞ்சனில் நடுவழியில் ஒரு புதிய கருவி கிடைக்கும். அதுவரை கடக்க முடியாத இடங்களை அந்தக் கருவியால் கடந்து, கடைசி அசுரனையும் அதைக் கொண்டே வெல்ல வேண்டும்.

பிரெத் ஆஃப் தி வைல்டில் இதற்குப் பதிலாக 120 சிறு புதிர்க்கூடங்களும், டிவைன் பீஸ்ட் என்ற நான்கு பெரிய இயந்திர விலங்குகளும் இருந்தன. நான்கும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். டியர்ஸில் காற்று, தீ, நீர், மின்னல் கோயில்கள் வந்தன. அவற்றுக்குத் தனித்தனி முகம் இருந்தது. ஆனால் பழைய கோயில்களின் இறுக்கம் முழுதாகத் திரும்பவில்லை.

காரணம் சோம்பல் அல்ல. இந்த ஆட்டங்களில் முக்கியமான ஆற்றல்கள் எல்லாம் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் எந்தத் திசையிலும் போக முடிகிறது. டஞ்சனின் நடுவில் புதுக்கருவி கொடுத்தால், அதை வாங்காமல் வேறு மூலைக்குப் போனவருக்கு அங்குள்ள புதிர்கள் பூட்டிக்கிடக்கும். வரிசை இருந்தால் சுதந்திரம் குறையும்; சுதந்திரம் இருந்தால் வரிசை கலையும். 2013இல் வந்த ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ இதை ஒருவிதமாகத் தீர்த்தது: கருவிகளைக் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு எந்த டஞ்சனுக்கும் போகலாம்.

வெளியே உலகம் திறந்தே கிடக்கட்டும். கோயிலின் வாசல் கடந்ததும் அதற்கென்று ஒரு தனி விதி ஆளட்டும் என்பதே நான் விரும்பும் வழி. ஒரு கோயிலில் ஈர்ப்புத் திசை மாறலாம். இன்னொன்றில் நிழல் திடப்பொருளாகலாம். வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அந்த விதியைப் புரிந்துகொள்ளாமல் தாண்ட முடியாது. வாட்டர் டெம்பிளின் பெருமையும் அதுவே. அங்கே நீர்மட்டம்தான் விதி.

நீருக்கடியில்

பிரெத்திலும் டியர்ஸிலும் லிங்க் வானத்தில் பறக்கிறான், மலையேறுகிறான், டியர்ஸில் பாதாளத்துக்கே இறங்குகிறான். ஆனால் ஏரியில் முங்க மாட்டான். மேற்பரப்பில் மட்டும் நீந்துவான். தெம்பு தீர்ந்தால் மூழ்குவான். இத்தனைக்கும் ஒகாரினாவில் இரும்புக் காலணி அணிந்து குளத்தின் அடியில் நடந்தோம். 2000இல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’கில் ஸோரா என்ற நீர்வாழ் இனத்தின் முகமூடி அணிந்து மீனைப்போல் பாய்ந்தோம்.

பட்டியலிலேயே மிக வளமான ஆசை இது என்பேன். நீருக்கடியில் போனால் ஏற்கெனவே உள்ள எல்லா விதிகளுக்கும் புது அர்த்தம் வருகிறது. தீ எரியாது. மின்சாரம் எல்லாத் திசையிலும் பரவி, எய்தவனையே தாக்கும். பனி அம்பு விட்டால் உண்டாகும் பனிக்கட்டி மிதந்து மேலே போகும். அதைப் பிடித்துக்கொண்டு நாமும் மேலே வரலாம். மரப்பெட்டிக்குள் காற்றை அடைத்தால் அதுவே மூச்சுக்கூடு. இவற்றை ஒவ்வொன்றாக யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. அடர்த்தி, மிதப்பு, நீரோட்டம் என்ற சில விதிகளைச் சரியாக எழுதினால் தாமே நடக்கும்.

அதில் சிரமமும் இருக்கிறது. டியர்ஸில் எந்தப் பொருளையும் எதோடும் ஒட்டலாம் என்றானபோது, இயற்பியல் விதிக்குக் கட்டுப்படாமல் முன்கூட்டியே வரைந்த அசைவுகளோடு இருந்த கதவுகளும் சக்கரங்களும் மற்றவற்றைக் குலைத்தன. எல்லாவற்றையும் இயற்பியல் விதிக்குள் கொண்டுவருவது என்று குழு முடிவெடுத்ததை 2024 ஜிடிசியில் அவர்கள் விவரித்தார்கள். பெரும்பகுதி வேலை முடிந்த பிறகும், இவையெல்லாம் பிசகாமல் நடக்க வேண்டும் என்று வெளியீட்டை ஏறத்தாழ ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். முழு நீர் உலகத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

இளவரசியும் நண்பரும்

தொடரின் பெயரைச் சுமப்பவர் ஸெல்டா. ஆனால் முதன்மைத் தொடரில் ஏறத்தாழ ஆட்டம் முழுவதையும் அவராகவே விளையாட 2024 செப்டம்பர் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வந்த ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ ஆட்டத்தை இயக்கியவர்களில் ஒருவர் தோமோமி சானோ. ஸெல்டா ஆட்டத்தை இயக்கிய முதல் பெண் அவர். அதில் இளவரசி கண்ட பொருட்களின் நகல்களை உருவாக்குகிறார். கட்டில்களை அடுக்கிப் பாலம் போடலாம். அசுரர்களின் நகலை அசுரர்கள் மீதே ஏவலாம். பாத்திரத்தை மாற்றியதோடு அவருக்கென்று தனி விதியையும் கொடுத்ததால்தான் அது வென்றது. பெரிய முப்பரிமாண ஆட்டத்திலும் அவர் இந்த அளவுக்கு இடம்பெற வேண்டும் என்பது நியாயமான அடுத்த கோரிக்கை.

இருவர் சேர்ந்து விளையாடுவது கடினமானது. 2015இல் வந்த ‘ட்ரை ஃபோர்ஸ் ஹீரோஸ்’ மூவர் சேர்ந்து ஆட வைத்தது. ஆனால் அது சிறிய மேடைகளின் ஆட்டம். திறந்த உலகில் ஒருவர் வெட்டிய மரம் இருவர் திரையிலும் ஒரே கணத்தில், ஒரே கோணத்தில் விழ வேண்டும். ஒட்டிக் கட்டிய வண்டி ஒருவருக்கு ஓடி மற்றவருக்குக் கவிழ்ந்தால் உலகம் உடைந்துவிடும். 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2 கருவியின் வேகம் இதற்கு உதவலாம். டியர்ஸின் ஸ்விட்ச் 2 பதிப்பு அதில் நொடிக்கு 60 சட்டகங்களில் ஓடுகிறது. பழைய ஸ்விட்சில் 30தான்.

சின்ன ஆசைகளையும் ஒதுக்க முடியாது. குதிரையைத் தட்டிக்கொடுக்க முடிகிறது. பிரெத்தில் நாய்க்கு இறைச்சி போட்டால் அது புதையலுக்கே வழிகாட்டுகிறது. ஆனால் அந்த நாயைத் தடவிக்கொடுக்க முடியவில்லை. எந்த எஞ்சினையும் தொடாமல் நிறைவேற்றக்கூடியது இது.

ஆசையைச் சொல்லும் முறை

தொடர் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ரசிகர் சொன்ன குறையை நிண்டெண்டோ கேட்டிருக்கிறது. தீர்வை மட்டும் தன் வழியில் கண்டிருக்கிறது. சமைத்த உணவின் செய்முறை நினைவில் நிற்கவில்லை என்றார்கள். டியர்ஸில் செய்முறைப் புத்தகம் வந்தது. வாள் உடைகிறது என்றார்கள், ஃபியூஸ் வந்தது. குகையிலிருந்து வெளியேற உருவாக்குநர்கள் தங்கள் வசதிக்காக வைத்திருந்த குறுக்குவழி, கூரையைத் துளைத்து மேலேறும் அசெண்ட் என்ற ஆற்றலாக விளையாடுபவர் கைக்கே வந்தது.

ஆகவே அடுத்த பாகத்துக்காகக் கேட்பவர்கள் தங்களுக்கு எங்கே வலிக்கிறது, எந்த இடத்தில் உலகம் பொய்யாகத் தெரிகிறது என்று துல்லியமாகச் சொன்னால் போதும். ஏரியைப் பார்த்ததும் முங்கத் தோன்றுகிறது, முடியவில்லை. சம்பாதித்த வாளை நேசிக்கத் தோன்றுகிறது, முடியவில்லை. ஒரு கோயிலுக்குள் வழி தொலைத்துத் தானே கண்டுபிடிக்கத் தோன்றுகிறது, அதற்குள் கோயில் முடிந்துவிடுகிறது. இந்த மூன்றும் எனக்கும் உள்ள குறைகள். மூன்றுக்கும் விடையை விதிகளின் வழியே தேடினால், நாற்பது வருடத்துக்கு முன் பிறந்த இந்தத் தொடருக்கு இன்னொரு பெரிய பாய்ச்சல் காத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.